பெரிய வியாழனுக்குச் செதேர் விருந்து வைக்கலாமா?

கேள்வி: பெரிய வியாழன் மாலை, யூதர்கள் பஸ்கா பண்டிகை இரவில் வைக்கும் செதேர் விருந்தை நடத்த எங்கள் சபை வாலிபர்கள் ஆசைப்படுகிறார்கள். அந்த விருந்தில் வாசிக்கும் புத்தகமான ஹகதாவை இணையத்தில் எடுத்து வாசித்து, நாலு கிண்ணம் திராட்சை ரசம், கசப்புக் கீரை எல்லாம் வைப்பதாகத் திட்டம். இயேசு கடைசியாகச் சாப்பிட்டது இதுதானே?

பதில்: ஆசை நல்லதுதான். ஆனால் ஹகதாவை வைத்து நடத்த வேண்டாம் என்பேன்.

இயேசு காலத்துப் பஸ்காவுக்கு மையம் எருசலேம் ஆலயம். யூத மாதமான நிசான் 14-ஆம் தேதி பிற்பகலில் ஆட்டுக்குட்டியை அங்கே அடிப்பார்கள். இரத்தம் பலிபீடத்துக்குப் போகும். இறைச்சியைச் சுட்டு, புளிப்பில்லா அப்பத்தோடும் கசப்புக் கீரையோடும் அன்றிரவே நகருக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். கி.பி. 70-இல் ரோமர்கள் ஆலயத்தை இடித்தார்கள். இனி ஆடில்லாமல் பஸ்காவை எப்படிக் கொண்டாடுவது? யூத வேத போதகர்களான ரபீக்கள் அதற்குக் கண்ட வழிதான் செதேர். நாலு கிண்ணம், மகன் கேட்கும் கேள்வி, எகிப்திலிருந்து விடுதலையானதைத் தகப்பன் சொல்லும் கதை என்ற அந்த ஒழுங்கை, கி.பி. 200 வாக்கில் தொகுத்த ரபீக்களின் சட்ட நூலான மிஷ்னாவில்தான் முதலில் பார்க்கிறோம். இன்றைய செதேர் தட்டில் சுட்ட எலும்பு ஒன்று இருக்கும். யாரும் அதைத் தின்பதில்லை. ஆலயத்தோடு போன பலிக்கு அது நினைவு. ஆலயம் நின்ற காலத்தில் வாழ்ந்த இயேசுவின் முன்னால் அந்தத் தட்டை எப்படி வைப்பது?

போதாததற்கு, அது பஸ்கா விருந்துதானா என்பதிலேயே சுவிசேஷங்கள் ஒத்துப்போவதில்லை. மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் ஆம் என்கிறார்கள். யோவான் 18:28-ஐப் பாருங்கள்: இயேசுவைப் பிலாத்துவிடம் கொண்டுபோகிறவர்கள் இன்னும் பஸ்கா சாப்பிடவில்லை.

இன்னொன்றையும் வாலிபர்களுக்குச் சொல்லுங்கள். மத்திய கால ஐரோப்பாவில், பஸ்கா அப்பத்தில் கிறிஸ்தவப் பிள்ளைகளின் இரத்தத்தைக் கலக்கிறார்கள் என்று யூதர்கள்மேல் பழி போட்டுக் கொன்றார்கள். அந்த வரலாறு இருக்க, அவர்கள் விருந்தை நாம் எடுத்து நடத்துவதைப் பல யூதர்கள் விரும்புவதில்லை.

சரி, வேறு என்ன செய்யலாம்? மாற்கு 14:26-இல் பாட்டுப் பாடிவிட்டு ஒலிவமலைக்குப் போனார்கள் என்று வருகிறதே, அது பெரும்பாலும் ஹல்லேல், அதாவது சங்கீதம் 113 முதல் 118 வரை. பஸ்கா ஆடு அடிக்கும்போது லேவியர் பாடியதும் அதுதான். ஆறையும் பாடுங்கள், அவசரப்படாமல். அப்பத்துக்கு ஈஸ்ட் சேர்க்காத சப்பாத்தி போதும். அப்புறம், ஆதிச் சபையின் கையேடான திதகேயில் 9, 10-ஆம் அதிகாரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கிண்ணம், பிறகு அப்பம், சாப்பிட்டு முடித்து ஒரு நன்றி ஜெபம். கிண்ணத்தின்மேல் ‘தாவீதின் பரிசுத்த திராட்சைக்கொடிக்காக’ நன்றி சொல்கிறார்கள். யூத வீட்டு மேசை ஜெபத்தின் வாடை அதில் தெளிவாகவே அடிக்கிறது. ஆதிக் கிறிஸ்தவர்கள் உண்மையிலேயே சொன்ன ஜெபமும் அது.

செதேரைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால், யூதக் குடும்பம் யாராவது அழைக்கும்போது விருந்தாளியாகப் போய் உட்காருங்கள்.