அலுத்து வரும் இரவுகளுக்கு என்ன சைவ உணவைக் கையிருப்பில் வைக்கலாம்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை, வீடு திரும்பினால் சமைக்கத் தெம்பில்லை, சைவமும் தவறக்கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் புளிக்காய்ச்சல் செய்து வையுங்கள். விடுமுறை நாளில் நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றி, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை சுண்டவிடுங்கள். ஈரமில்லாத கண்ணாடிப் போத்தலில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு வாரம் கவலையில்லை. தேங்காயோ வெங்காயமோ சேர்த்தால் சீக்கிரம் கெட்டுவிடும். சோற்றில் மட்டுமல்ல, வெந்நீரில் ஊறிய மீஹூனில் (மெல்லிய அரிசிச் சேமியா) பிசைந்தாலும் அருமையாக இருக்கும்.

ஆனால் வெயிலில் உழைத்த உடம்புக்குப் புளிச்சோறு மட்டும் போதாது. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) தெம்பே, அதாவது புளிக்கவைத்த சோயாக் கட்டி, வாங்குங்கள்; 100 கிராமில் ஏறக்குறைய 19 கிராம் புரதம் இருக்கிறது. அன்றே துண்டு போட்டு, உப்பும் மஞ்சளும் தடவி உறைபெட்டியில் வைத்தால், வேண்டிய இரவில் எடுத்து அப்படியே வறுக்கலாம். மைசூர் பருப்பும் இருக்கட்டும். ஊறவைக்காமலே 20 நிமிடத்தில் குழைந்துவிடும்.

மீந்த சோற்றில் கவனம் வேண்டும். நம் ஊர்ச் சூட்டில் இரவெல்லாம் வெளியே வைக்காதீர்கள். பேசில்லஸ் சீரியஸ் கிருமியின் வித்துகள் சோறு வேகும்போதும் சாவதில்லை. பிறகு அது உண்டாக்கும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. தட்டில் பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்துக் குளிர்பெட்டிக்குள் வையுங்கள்.

கடைச் சம்பல் (மிளகாய் விழுது) வாங்கினால், சைவமல்லாத பெலாச்சான் (இறால் விழுது) இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.