கறுப்புத் திரைக்கு 3,500 ரூபாயா?

கேள்வி: மெயின்ஃப்ரேம் சப்போர்ட் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். ஹோஸ்ட் பெயர், போர்ட் 992 என்று ஒரு தாள் கொடுத்தார்கள். எமுலேட்டரில் (மெயின்ஃப்ரேம் என்ற பெரிய கணினியின் திரையை நம் கணினியில் காட்டும் மென்பொருள்) போட்டு இணைத்தால் வெறும் கறுப்புத் திரைதான். பக்கத்து சீட்டுக்காரரின் ப்ரொஃபைல் ஃபைலை நகலெடுத்துப் போட்டேன். நான் முந்தி வந்தால் எனக்கு இணைகிறது, அவர் முந்தினால் அவருக்கு. பழைய பயிற்சி மையத்தில் ஒருவர், 3,500 ரூபாய்க்கு ‘முழு வெர்ஷன்’ போட்டுத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த ஃபைலைப் போட்டதும் இணைந்ததே, உங்கள் எமுலேட்டரில் கோளாறு இல்லை என்பதற்கு அது போதாதா?

992 என்பது குறியாக்கத்தோடு பேசும் போர்ட். குறியாக்கம் இல்லாத பழைய டெல்நெட்டுக்கு 23. நீங்கள் 992 போட்டுவிட்டு, செக்யூரிட்டி பக்கத்தில் டிஎல்எஸ் என்ற குறியாக்க முறையை இயக்காமல் விட்டிருப்பீர்கள். ஹோஸ்ட் பக்கம், கிளையன்ட் (உங்கள் எமுலேட்டர்) முதலில் கைகுலுக்கட்டும் என்று காத்திருக்கும். உங்கள் பக்கம், ஹோஸ்ட் முதலில் பேசட்டும் என்று காத்திருக்கும். சம்பந்தி வீட்டார் மாதிரி இருவரும் வாய் திறக்க மாட்டார்கள். பிழைச் செய்திகூட வராது. தாளில் இந்த ஒரு வரியை எழுத யாருக்கும் தோன்றுவதில்லை. வருஷக்கணக்காக அதே தாளைத்தான் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

டிஎல்எஸ்ஸை இயக்கியதும் சான்றிதழ் (ஹோஸ்டின் அடையாளச் சான்று) பிழை வந்தால், ‘சரிபார்க்காதே’ என்ற கட்டத்தை டிக் செய்யச் சொல்வார்கள். செய்யாதீர்கள். நிறுவனத்தின் மூலச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். டிக்கெட் போட்டு ஒரு வாரம் காத்திருக்க வேண்டியிருக்கும், அது வேறு கொடுமை.

பக்கத்து சீட்டுக்காரரின் ஃபைலுக்கு வருவோம். அதில் அவருடைய எல்யூ (ஹோஸ்ட் ஒவ்வொரு திரைக்கும் பிரிண்டருக்கும் வைத்திருக்கும் அடையாளம்) பெயர் பதிந்திருக்கும். ஒரு எல்யூவில் ஒரு நேரத்தில் ஒரு இணைப்புதான். அந்த இடத்தைக் காலியாக விட்டால், பெரும்பாலும் ஹோஸ்டே ஒன்றை ஒதுக்கித் தரும். ஒரு விதிவிலக்கு: பிரிண்டர் செஷன். அச்சு எந்த எல்யூவுக்குப் போக வேண்டும் என்று ஹோஸ்டில் முன்பே எழுதி வைத்திருப்பார்கள். அதைக் காலியாக விட்டால் இணைப்பு வந்தாலும் உங்கள் ரிப்போர்ட் உங்களிடம் வராது. பிரிண்டருக்கு மட்டும் கேட்டு வாங்குங்கள், உங்கள் பெயருக்கென்று, கடன் வாங்கியதை அல்ல.

அந்த 3,500 ரூபாய் ஆசாமி விற்பது அநேகமாக லைசென்ஸை உடைத்த பிரதி. மெயின்ஃப்ரேமில் நுழையும் டிஎஸ்ஓ பாஸ்வேர்டை அதில்தானே தட்டுவீர்கள்? வெளியாள் கொடுத்த மென்பொருளை ஆபீஸ் கணினியில் போட்டது தெரிந்தால் வேலையே போகும். வீட்டில் பழக வேண்டுமென்றால் டபிள்யூசி3270 என்ற எமுலேட்டர் இலவசம். பழகுவதற்கு மெயின்ஃப்ரேம் ஐடி விற்பவர்களும் உண்டு; ஐபிஎம்மின் பயிற்சித் தளமான இசட் எக்ஸ்ப்ளோரில் பதிவு செய்தால் காசில்லாமலே கிடைக்கிறது.

இணைந்த பிறகு என்டர் தட்டினால் கர்சர் கீழே குதிக்க மட்டும் செய்கிறதா? பதறாதீர்கள். ஐபிஎம்மின் பர்சனல் கம்யூனிகேஷன்ஸ் எமுலேட்டரில், கீபோர்டு அமைப்பை யாரும் மாற்றாதவரை, வலது கன்ட்ரோல்தான் ஹோஸ்டுக்கு அனுப்பும் என்டர்.