மெர்சி பிரவுனின் இதயம்

அன்புள்ள ஐயா,

எங்கள் கல்லூரித் திரைப்படக் குழுவில் 1931-ல் வந்த 'டிராகுலா'வைத் திரையிடுகிறோம். அறிமுகமாக நான் பத்து நிமிடம் பேச வேண்டும். டிராகுலாவுக்கு மூலம் ருமேனிய மன்னன் விலாட்தானா? நம் வேதாளம்தான் அங்கே போனது என்கிறான் நண்பன். பிராங்கன்ஸ்டைன், ஓநாய் மனிதன் இவற்றுக்கும் நாட்டார் கதைகள் உண்டா? கல்லறையைத் தோண்டிப் பிணத்தின் நெஞ்சில் முளை அடித்த முட்டாள் ஜனங்களைப் பற்றிச் சொன்னால் அரங்கில் நல்ல சிரிப்பு வரும் என்று நினைக்கிறேன்.

க.

அன்புள்ள க.,

கொஞ்ச நாளாகவே மெர்சி பிரவுன் என்ற பெண்ணைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடைசி வரி இல்லாதிருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன்.

வேதாளத்தை விட்டுவிடுங்கள். பிணத்தில் புகும் ஆவி பல நாடுகளில் உண்டு. ஒன்றைப்போல் இன்னொன்று இருப்பதாலேயே இங்கிருந்து அங்கே போனது என்றாகாது. பிராங்கன்ஸ்டைன் 1816 கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில் மேரி ஷெல்லி எழுதத் தொடங்கிய கதை. அதற்கு நாட்டார் மூலம் தேட வேண்டாம். ஓநாய் மனிதன் இன்னொரு நாளைக்கு.

விலாட் விஷயம் சின்னது. ரத்தம் குடிக்கும் பிரபுவின் கதையை, 'டிராகுலா' நாவலை எழுதிய பிராம் ஸ்டோக்கர் ஏற்கெனவே திட்டமிடத் தொடங்கியிருந்தார். அப்புறம் 1890 கோடையில் இங்கிலாந்தின் விட்பி ஊர் நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தில், விலாடுக்கு வழங்கிய 'டிராகுலா' என்ற பெயர் கிடைத்தது, எடுத்துக்கொண்டார். அவருடைய குறிப்புகளில் ஒரு பத்திரிகை நறுக்கும் இருக்கிறது. அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியில் காட்டேரிக்குப் பயந்து பிணங்களைத் தோண்டுகிறார்கள் என்று 1896-ல் நியூயார்க் வேர்ல்டில் வந்த செய்தி. உங்கள் பேச்சுக்கு வேண்டியது அதுதான்.

அந்தப் பகுதியின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் எக்ஸெட்டர் என்ற விவசாய ஊர். ஜார்ஜ் பிரவுன் என்பவரின் மனைவி 1883-ல் எலும்புருக்கி நோயில், அதாவது காசநோயில் இறந்தாள். அடுத்த ஆண்டு மூத்த மகள். சில வருடம் கழித்து மகன் எட்வினுக்கு இருமல். காற்று மாறினால் தேறுவான் என்று கொலராடோவுக்கு அனுப்பினார்கள். தேறவில்லை, திரும்பி வந்தான். 1892 ஜனவரியில் இன்னொரு மகளான பத்தொன்பது வயது மெர்சியும் போய்விட்டாள்.

செத்தவர்களில் ஒருத்திதான் எட்வினின் உயிரை உறிஞ்சுகிறாள் என்றார்கள் அக்கம்பக்கத்தார். ஜார்ஜுக்கு அதில் நம்பிக்கையில்லை. ஆனாலும் சம்மதித்தார். மார்ச் 17 அன்று திறந்து பார்த்தார்கள். தாயின் உடல் வற்றிப்போயிருந்தது, மூத்தவள் எலும்பாகியிருந்தாள். பனிக்காலம் என்பதால் மெர்சியை மண்ணில் புதைக்காமல் ஒரு கல் அறையில் வைத்திருந்தார்கள். உடல் கெடவில்லை, இதயத்தில் ரத்தம் இருந்தது. இது இயல்புதான் என்று மருத்துவர் சொல்லிப் பார்த்தார். இதயத்தையும் ஈரலையும் பாறைமேல் எரித்து, சாம்பலைக் கரைத்து எட்வினுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். மே மாதம் அவனும் இறந்தான்.

இதில் எங்கே தம்பி சிரிப்பு வரும்? காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் 1882-லேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அதைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது 1943-ல். அந்த மருத்துவரால் நோயின் பெயரைச் சொல்ல முடிந்தது, பையனைக் காப்பாற்ற முடியவில்லை. ஊர்க்காரர்களிடம் செய்து பார்க்க ஏதோ ஒன்று இருந்தது. மூன்று பேரைப் பறிகொடுத்த தகப்பன் வேறு என்ன செய்வார்?

என் பெரியம்மாவும் அதே நோயில்தான் போனாள். அவள் தட்டும் தம்ளரும் மாட்டுக்கொட்டகையில் தனியாக இருக்கும். அவள் காரியம் முடிந்து கொஞ்ச நாளில் சின்ன மகன் இரும ஆரம்பித்தான். "அவ பிள்ளையைக் கூட்டிட்டுப் போகப் பாக்குறா" என்றார்கள் வீட்டுப் பெண்கள். அவனை உயிராக நேசித்தவர்கள் அவர்கள். பூசாரி வந்தார், தாயத்துக் கட்டினார். அப்பா அவனைப் பெரியாஸ்பத்திரிக்கும் கூட்டிப் போனார். மாத்திரை, ஊசி என்று மாதக்கணக்கில் வைத்தியம் நடந்தது. அந்த அண்ணன் இன்று பேரன் எடுத்துவிட்டான். தாயத்துக் கட்டிய அந்தப் பெண்களை முட்டாள் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. எட்வினுக்கு அந்த மாத்திரை கிடைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

1725-ல் செர்பியாவின் கிசிலேவோ கிராமத்திலும் இப்படித்தான். ஒரு குடியானவன் இறந்த பிறகு எட்டு நாளில் ஒன்பது பேர் செத்தார்கள். ஆஸ்திரிய அதிகாரி பார்த்திருக்கக் குழியைத் திறந்தால் வாயில் ரத்தம், புது நகம். அழுகும் உடலில் வாயு சேர்ந்து உப்பும்; கறுத்த திரவம் வாய்வழியே வரும்; தோல் சுருங்கும்போது நகம் வளர்ந்ததுபோல் தெரியும். அவர்கள் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். நாட்டார் கதையின் காட்டேரி உப்பிச் சிவந்த பக்கத்து வீட்டுக்காரன். வெளிறிய முகமும் கோட்டையும் மேலங்கியும் எழுத்தாளர்களும் நாடகக்காரர்களும் பின்னால் கொடுத்தவை. வெயில் பட்டால் அழிவது 1922-ல் வந்த ஜெர்மானியப் படத்தின் கைங்கரியம்.

பத்து நிமிடத்தில் விலாடுக்கு அரை நிமிடம் போதும். மீதியில் எட்வினைப் பற்றிச் சொல்லுங்கள், அவன் குடித்த சாம்பலைப் பற்றியும் சொல்லுங்கள். 'முட்டாள் ஜனங்கள்' என்பதை மட்டும் உங்கள் தாளில் இப்போதே அடித்துவிடுங்கள்.