ரத்தம் தெறிக்கையில் சிரிப்பு வந்தால்? – வாசகர் கேள்வி பதில்

டார்க் காமெடி (சாவையும் வன்முறையையும் வைத்துச் சிரிக்கவைக்கும்) படமொன்றுக்குக் குடும்பத்தோடு போனோம். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணி பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டார். வீட்டில் இன்னும் சண்டை ஓயவில்லை. யாருடைய ரசனையில் கோளாறு?
– வாசகி, செந்தூல்

இருவர் ரசனையிலும் கோளாறில்லை. உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்பார்கள்; தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. நகை (சிரிப்பு), இளிவரல் (அருவருப்பு), அச்சம் மூன்றும் அதில் தனித்தனி. சாதாரண சண்டைப்படம் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தரும். இந்த வகைப் படமோ ஒரே நொடியில் இரண்டைத் தருகிறது. அண்ணனை நகை முதலில் தொட்டது, அண்ணியை அச்சம்.

எது முந்தும் என்பதில் கேமராவுக்குப் பெரும் பங்குண்டு. ஒருவன் மாடியிலிருந்து விழுவதைத் தூரத்திலிருந்து காட்டினால் சிரிப்பு வரும். முகத்தருகே போனால் வலிதான் தெரியும். அடி விழுந்ததும் காட்சி மாறினால் அரங்கம் சிரிக்கும். அங்கேயே ஐந்தாறு நொடி நின்று மூச்சுத் திணறலைக் கேட்கவைத்தால் சிரிப்பு அடங்கிவிடும். நல்ல இயக்குநர் இரண்டையும் தெரிந்தே செய்வார்: முதலில் சிரிக்கவிடுவார், பிறகு அந்தச் சிரிப்புக்காகவே நம்மைக் கூசவைப்பார்.

நடிகர் தான் வேடிக்கை செய்கிறோம் என்று காட்டிவிட்டால் எல்லாம் கெட்டது. 1964இல் வந்த ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்’ அணு ஆயுதப் போரைப் பற்றிய அங்கதம், அதாவது கேலியால் குத்திக்காட்டும் படம். அதன் முடிவுக்காக, தளபதிகள் கஸ்டர்ட் பலகாரங்களை ஒருவர்மேல் ஒருவர் வீசிக்கொள்ளும் பெரிய காட்சியைப் படமாக்கினார்கள். வெறும் கேலிக்கூத்தாகி அங்கதத்தின் தொனி போய்விடுகிறது என்று இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் அதை முழுதாக நீக்கிவிட்டார்.

எல்லாவற்றையும் விட முக்கியம், அடி யார்மேல் விழுகிறது என்பது. எள்ளல் (கேலி), இளமை, பேதைமை (அறியாமை), மடன் (சொன்னதை அப்படியே நம்புவது) என நகைக்கு நான்கு காரணம் சொல்வார் தொல்காப்பியர். ஊரை மிரட்டும் ரௌடியின் பேதைமையைக் கண்டு சிரித்தால் அது அங்கதம். கார்த்திக் சுப்புராஜின் ‘ஜிகர்தண்டா’வில் (2014) மதுரையே அஞ்சும் ரௌடி சேதுவைத் திரையில் பார்த்து ஊரே சிரிக்கிறது; அங்கே எள்ளல் போகவேண்டிய இடத்துக்குத்தான் போகிறது. வேலைக்காரப் பெண்ணோ உடல் ஊனமுற்றவரோ அடிபடுவதையே வேடிக்கையாகக் காட்டும் படத்தில் அங்கதம் இல்லை, கொடுமை மட்டும்தான் இருக்கிறது. அண்ணி எழுந்துபோனது அப்படியொரு காட்சியில் என்றால் நான் அண்ணி பக்கம்.

நம் திரையரங்கில் ஒரு காட்சி சட்டென்று தாவியது. மலாய் நண்பர் எங்களுக்கு முன்பே சிரித்துவிட்டார். ஏன்?
– வாசகர், செத்தாப்பாக்

முதலாவது தணிக்கை வெட்டாக இருக்கலாம். இங்கே மலேசியாவில் 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின்படி, உள்துறை அமைச்சின் கீழுள்ள தணிக்கை வாரியம் படங்களைப் பார்க்கிறது. பின்னணி இசை நடுவில் அறுந்தாலோ, கையிலிருந்த கத்தி அடுத்த நொடி மேசையில் கிடந்தாலோ, அங்கே வெட்டு என்று சந்தேகப்படலாம். வழக்கமான சண்டைக்காட்சியில் இரண்டு நொடி போனால் தெரியாது. டார்க் காமெடியில் அந்த இரண்டு நொடியில்தான் நகைச்சுவையே இருக்கும்.

இரண்டாவதற்குக் காரணம் நம் மொழி. தமிழ் வாக்கியத்தின் வினைச்சொல் கடைசியில் வரும். “அவனைக் கூட்டிப்போய், சாப்பாடு போட்டு, புதைச்சுட்டேன்” என்பதில் கடைசிச் சொல்தான் வெடி. திரைக்குக் கீழே வரும் மலாய் மொழிபெயர்ப்பு வரியோ மொத்தமாக விழுகிறது. நடிகர் சாப்பாட்டில் இருக்கும்போதே நண்பர் படித்து முடித்துவிடுகிறார்.

பதினான்கு வயது மகனை அழைத்துப்போகலாமா?
– வாசகி, கெப்போங்

இந்தியச் சான்றிதழைப் பார்க்காதீர்கள். இங்குள்ள பி12, 13, 16, 18 என்ற வயது வகைப்பாட்டைப் பாருங்கள். 16, 18 என்றிருந்தால் வேண்டாம். 13 என்றாலும் நீங்கள் முதலில் பார்த்துவிடுங்கள். வகைப்பாடு ரத்தத்தைக் கணக்கிடும்; படம் யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறது என்பதை அது சொல்லாது.

எங்கள் வாசகர் வட்டத்தில் இருபது பேர். இப்படியொரு படத்தைப் பார்த்துப் பேச எண்ணம். போன முறை கூச்சலில் முடிந்தது.
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

படம் முடிந்த உடனே “பிடித்ததா?” என்று கேட்டிருப்பீர்கள். அந்தக் கேள்வி வந்தால் ஆளுக்கொரு கட்சி சேர்ந்துவிடும். என்ன மாதிரி வன்முறை வரும் என்பதை அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு ஐந்து நிமிடம் யாரும் பேசவேண்டாம். ஆளுக்கொரு தாள் கொடுத்து இரண்டு வரி மட்டும் எழுதச் சொல்லுங்கள்: எங்கே சிரித்தீர்கள், எங்கே சிரிப்பு நின்றது. பெயர் வேண்டாம். தாள்களைக் கலந்து ஒருவர் உரக்கப் படிக்கட்டும். பலரும் குறித்த காட்சியை மட்டும் மீண்டும் போடுங்கள், இம்முறை ஒலியை நிறுத்திவிட்டு. இசை போனபின்பும் சிரிப்பு வருகிறதா என்று கேட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.