‘என்ன ஆகப் போறே?’ என்ற கேள்வியைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள்

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. போன வருடம் டாக்டர் என்றாள், அப்புறம் அனிமேஷன் என்றாள். இப்போது கேட்டால் ‘தெரியலம்மா’ என்கிறாள். இணையத்தில் ஓர் ஆர்வச் சோதனை எழுத வைத்தேன். அது நூலகர் முதல் விற்பனை மேலாளர் வரை பன்னிரண்டு வேலைகளைக் காட்டுகிறது. அடுத்த வருடம் பாடப் பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவளுக்கு எப்படி வழிகாட்டுவது?

பதில்: ‘தெரியல’ என்பது அவள் மனதறிந்து சொன்ன பதில். அதற்காக நீங்கள் பதற வேண்டாம். தொழில் வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் டொனால்ட் சூப்பர், 15 முதல் 24 வயது வரையுள்ள காலத்தைத்தான் தேடிப் பார்க்கும் பருவம் என்றார். உங்கள் மகள் இன்னும் அதன் வாசலுக்கே வரவில்லை.

எனக்குக் கவலை தருவது வேறு. இந்த வயதுக்குள் பிள்ளைகள் எத்தனையோ வேலைகளை யோசிக்காமலேயே கழித்துவிட்டிருப்பார்கள். தொழில் விருப்பங்களை ஆராய்ந்த லிண்டா காட்ஃபிரட்சன் 1981-இல் இதை விளக்கினார். ஏறத்தாழ 6 முதல் 8 வயதுக்குள் ‘இது ஆம்பளை வேலை, அது பொம்பளை வேலை’ என்ற எண்ணம் படிகிறது. 9 முதல் 13 வயதுக்குள் ‘அது மதிப்பில்லாத வேலை’, ‘அது நமக்கு எட்டாது’ என்ற கணக்கும் சேர்ந்துவிடுகிறது. அதனால் முதலில் ‘எதெல்லாம் வேண்டவே வேண்டாம்?’ என்று கேளுங்கள். சொல்லும் ஒவ்வொன்றுக்கும் ‘ஏன்?’ என்று மெதுவாகக் கேளுங்கள். ‘ரத்தம் பார்த்தால் மயக்கம் வரும்’ என்றால் அது காரணம். ‘பொண்ணுங்க யாரும் அதுக்குப் போறதில்லையே’ என்றால், அந்த வேலையைத் திரும்பப் பட்டியலில் எழுதுங்கள்.

சோதனை முடிவைத் தூக்கிப் போட வேண்டாம். இத்தகைய சோதனைகளில் பல, உளவியலாளர் ஜான் ஹாலண்ட் பிரித்த ஆறு வகை ஆர்வங்களை அடிப்படையாகக் கொண்டவை: கைவேலை, ஆராய்ச்சி, கலை, மனிதர்களுக்கு உதவுதல், முன்னின்று நடத்துதல், ஒழுங்குபடுத்துதல். வேலைப் பெயர்களை விட்டுவிட்டு, முதலில் வரும் இரண்டு மூன்று வகைகளை மட்டும் பாருங்கள். அதுவும் விருப்பத்தைத்தான் காட்டும், திறமையை அல்ல. ஒரு முறைகூடச் செய்து பார்க்காத வேலைக்கு ‘பிடிக்காது’ என்று குறித்திருந்தால், அந்தப் பதிலை நம்பவும் முடியாது.

ஆகவே செய்து பார்க்கட்டும். அனிமேஷன் என்றாளே, அங்கிருந்தே தொடங்கலாம். ஒரு பந்து விழுந்து எழும்பும் காட்சி, ஐந்தே நொடி. அந்தத் துறையில் பழகுபவர்கள் முதலில் செய்யும் பயிற்சி அது. நொடிக்கு 12 படம் என்று வைத்தாலும் 60 படம் வரைய வேண்டும். தாளில் வரையலாம், இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் மென்பொருளிலும் செய்யலாம். படம் அழகாக வந்ததா என்று பார்க்காதீர்கள், அவளைப் பாருங்கள். பந்து கனமில்லாமல் பலூன் மாதிரி மிதக்கிறது என்று தெரிந்ததும் நடுவில் பத்துப் படங்களை அழித்துவிட்டுத் திரும்ப வரைகிறாளா, அப்படியே மூடி வைத்துவிடுகிறாளா? எந்தச் சோதனைத் தாளையும்விட இது எனக்கு அதிகம் சொல்லும். மருத்துவம் இன்னும் மனதில் இருந்தால் ஒரு முதலுதவி வகுப்புக்கு அனுப்புங்கள்.

அப்புறம், வேலை செய்பவர்களோடு மாதம் ஒருவராக இருபது நிமிடம் பேச வையுங்கள். ‘உங்கள் வேலை எப்படி?’ என்றால் ‘நல்லா இருக்கு’ என்றுதான் பதில் வரும். ‘போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து என்னென்ன செய்தீங்க?’ என்று கேட்கச் சொல்லுங்கள். எத்தனை மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தார், எத்தனை பேரோடு பேசினார், எதில் அலுத்துப்போனார் என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டாம். பெற்றோர் முன்னால் பிள்ளைகள் நல்ல கேள்விகளை விழுங்கிவிடுவார்கள்.

சரி, பாடப் பிரிவு? ஒரே வேலையை மனதில் வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். அவளுக்குப் பிடித்த மூன்று துறைகளை எழுதி, அவற்றில் சேர எந்தப் பாடங்கள் கட்டாயம் என்று கல்லூரிகளின் சேர்க்கை விதிகளிலேயே பாருங்கள். இரண்டு மூன்று துறைகளுக்கும் பொதுவாக வரும் பாடத்தை விடாதீர்கள். பொறியியலுக்குக் கணிதம் போல, ஒரு முறை விட்டால் பின்னால் பிடிப்பது கடினமான பாடங்கள் உண்டு. ஆனால் அழுதுகொண்டே படிக்கும் பாடத்தைத் திணித்தால் மதிப்பெண் சரிந்து, அந்த வழியும் அடைபடும்.

படிக்க வைக்க உங்களால் எவ்வளவு செலவழிக்க முடியும் என்பதையும் இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள். 14 வயதுக்கு அது புரியும். இடம் கிடைத்த பிறகு ‘முடியாது’ என்று கேட்பதுதான் பிள்ளைகளை உடைத்துவிடுகிறது. முன்கூட்டியே தெரிந்தால், உதவித்தொகைக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று சேர்ந்து தேட உங்களுக்கு ஒரு வருடம் இருக்கிறது.