பிக்கப் வண்டிக்கு ஆஃப்-ரோடு டயர்: ஏ/டி வாங்குவதா, எம்/டி வாங்குவதா?

இசுஸூ வி-கிராஸ் வைத்திருப்பதாகவும், மாதம் மூன்று நான்கு முறை மலைத் தோட்டத்துக்குப் போய் வருவதாகவும், நண்பர்கள் எம்/டி (மட் டெரெய்ன்) எனப்படும் சேற்று டயர் போடச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எம்/டி வேண்டாம், தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான ஏ/டி (ஆல் டெரெய்ன்) போதும் என்பதே என் பதில். அதை ஏழு வருட அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

எங்கள் காப்பித் தோட்டம் தாண்டிக்குடிக்கு மேலே இருக்கிறது. கடைசி நான்கு கிலோமீட்டர் செம்மண்ணும் பாறையும்தான். வண்டியோடு வந்த சாலை டயர்கள், அதாவது எச்/டி ரகம், கோடையில் எந்தக் குறையும் வைக்கவில்லை. ஐப்பசி மழையில் ஒரு நாள் ஏற்றத்தின் நடுவில் வண்டி நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால் டயரின் வரிப்பள்ளங்கள் முழுவதும் செம்மண் அடைத்து, மெழுகிய திண்ணையைப் போல வழவழவென்று இருந்தது. மண்ணை உதற வழியில்லாத டயரில் நான்கு சக்கரமும் சேர்ந்து சுற்றினாலும் பயன் இல்லை.

அந்த எரிச்சலில்தான் எம்/டி வாங்கினேன். தரையைத் தொடும் ரப்பர் கட்டிகளான பட்டன்கள் பெரிது பெரிதாகவும் இடையில் பள்ளங்கள் அகலமாகவும் இருப்பதால், சக்கரம் சுழலும்போது சேறு தானாகவே தெறித்துப் போகும். தோட்டப் பாதையில் அதற்கு இணை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தோட்டத்திலிருந்து பட்டிவீரன்பட்டிக்குக் காப்பி மூட்டைகளை இறக்கப் போகும் வழியில் பெரும்பகுதி தார்ச்சாலை. வேறொரு நாள் பின்தட்டு காலியாக இருக்க, தூறலில் இறங்கிக்கொண்டிருந்தபோது ஒரு கொண்டை ஊசி வளைவில் பிரேக்கை மெதுவாகத்தான் மிதித்தேன். வண்டியின் பின்பக்கம் ஒரு முழம் வெளியே இழுத்துக்கொண்டு போனது. எதிரே பேருந்து எதுவும் வராதது என் அதிர்ஷ்டம். பட்டன்களுக்கு இடையே அவ்வளவு வெற்றிடம் இருக்கும்போது தாரைத் தொடும் ரப்பர் குறைந்துவிடுகிறது. ஈரத்தைப் பிடித்துக்கொள்ளப் பயன்படும், பிளேடால் கீறியது போன்ற மெல்லிய கீற்றுகளும் எம்/டி பட்டன்களில் மிகக் குறைவு. பிக்கப்பின் பின்பக்கம் சுமை இல்லாதபோது எடையற்றது என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். சேற்றில் மாட்டினால் அரை நாள் வீணாகும், அவ்வளவுதான். மழையில் மலை இறங்கும்போது வழுக்கினால் கதை வேறு. ஆகவே, டயரைத் தேர்வு செய்யும்போது நான் முதலில் பார்ப்பது ஈரத் தாரில் அதன் பிடிமானம். அடுத்தது சைடுவாலின், அதாவது டயரின் பக்கச்சுவரின், உறுதி. பட்டனின் முரட்டுத் தோற்றம் மூன்றாவதுதான்.

சைடுவாலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய டயர்களில் ஒன்று கூரான கல்லில் உரசி, பக்கவாட்டில் நகத்தளவு கிழிந்தது. பஞ்சர் கடைக்காரர் கட்டைவிரலால் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "சைடுல கிழிஞ்சா ஒட்ட முடியாதுண்ணே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். உங்கள் வண்டியில் 255/60 ஆர் 18 அளவு (255 மி.மீ. அகலம், அதில் 60 சதவீதம் சைடுவாலின் உயரம், 18 அங்குல ரிம்) இருந்தால், சைடுவாலின் உயரம் 153 மி.மீ. அதையே 17 அங்குல ரிம்முக்கு மாற்றி 255/65 ஆர் 17 போட்டால் உயரம் ஏறத்தாழ 166 மி.மீ. ஆகும்; மொத்த விட்டமோ இரண்டிலும் 763 மி.மீ.தான். அதனால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. கல்லில் ஏறும்போது மடங்கிக் கொடுக்கக் கூடுதல் ரப்பர் கிடைக்கும். ரிம் பிரேக் காலிப்பரில் (பிரேக் டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) உரசாமல் உட்காருகிறதா என்று மாட்டிப் பார்க்காமல் மட்டும் பணம் கொடுக்காதீர்கள். சிலர் 265/70 ஆர் 17 வரை போகிறார்கள். விட்டம் 40 மி.மீ. கூடுகிறது என்றாலும் தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி அதில் பாதிதான் உயரும். அதற்கு விலையாக, ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது டயர் உரசக்கூடும், ஏற்றத்தில் இழுவையும் குறையும்.

ஏ/டி என்ற எழுத்தை நிறுவனங்கள் தம் விருப்பம்போல் பொறித்துக்கொள்கின்றன. அந்தப் பெயரில் சாலை டயருக்குச் சற்றே முரட்டு வேடம் போட்டதும் இருக்கிறது, எம்/டிக்கு அண்ணன் தம்பியாக இருப்பதும் இருக்கிறது. கடையில் டயரைப் புரட்டி, தோள்பகுதியிலும் பட்டன்கள் இறங்கியிருக்கின்றனவா, பட்டன்களில் கீற்றுகள் இருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். சுமைக் குறியீட்டு எண் பழைய டயரில் உள்ளதைவிடக் குறையக் கூடாது. 112 என்றால் ஒரு டயர் 1120 கிலோ தாங்கும். அளவுக்கு முன்னால் எல்டி (லைட் டிரக்) என்று பொறித்த டயர்கள் இன்னும் உறுதியானவை. ஆனால் அவற்றில் அதே சுமைக்குக் கூடுதல் காற்று அடிக்க வேண்டும், காலி வண்டியில் தூக்கித் தூக்கிப் போடும். தினமும் மூட்டை ஏற்றாதவருக்கு அவை தேவையில்லை. சைடுவாலில் பொறித்திருக்கும் டாட் (DOT) எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையும் படியுங்கள்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. ஒரு கடையில் மூன்று வருடப் பழைய சரக்கைப் புதிது என்று என்னிடம் நீட்டியதுண்டு.

மாட்டிய பிறகும் மதிப்பீடு முடிவதில்லை. முதல் 500 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டிவிட்டு, மழை விட்ட ஒரு காலை நேரத்தில் ஆள் நடமாட்டமில்லாத நேர்ச்சாலையில், 40 கி.மீ. வேகத்திலிருந்து காலி வண்டியைப் பிரேக் பிடித்து நிறுத்திப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு 5000 கிலோமீட்டருக்கும் ஆழமானி வைத்து உள்பக்கம், நடு, வெளிப்பக்கம் என மூன்று இடங்களிலும் வரிப்பள்ளத்தின் ஆழத்தை அளந்து எழுதி வையுங்கள். நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.

எந்த டயராக இருந்தாலும் காற்றைக் குறைக்காமல் கல்லிலும் சேற்றிலும் இறக்காதீர்கள். தார் முடியும் இடத்தில் நான் 22 பிஎஸ்ஐக்கு இறக்கிக்கொண்டு மெதுவாகப் போவேன். அப்போது டயர் தரையில் நீளமாகப் படிகிறது, கல் குத்தினாலும் மடங்கிக் கொடுக்கிறது. இன்னும் குறைத்தால் பாறையில் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும் அபாயம் உண்டு. திரும்பித் தாருக்கு வந்ததும் மறுபடி நிரப்பிவிட வேண்டும். எம்/டிக்கும் ஏ/டிக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் ஒரு சிறிய கம்ப்ரஸர் வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தை மிச்சம்பிடிக்கப் பின்பக்கம் இரண்டு மட்டும் மாற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வி-கிராஸில் நான்கு சக்கர இழுவையைப் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுழல வேண்டும். வேக வித்தியாசத்தைச் சமாளிக்கும் டிஃபரென்ஷியல் நடுவில் கிடையாது. புது டயரும் தேய்ந்த டயரும் கலந்திருந்தால் சுற்றளவு வேறுபட்டு இரண்டு அச்சுகளும் இழுபறி நடத்தும்; அது முழுவதும் இரு அச்சுகளுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் தலையில்தான் விழும். நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள், ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்கட்டும்.