பொட் லைற் போடமுதல் அற்றிக்கை எட்டிப் பாருங்கள்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். கனடா வந்து மூன்று வருடம், பிரம்டனில் முதல் வீடு, வரவேற்பறைச் சீலிங்கில் விளக்கே இல்லை. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய எல்இடி பொட் லைற், அதாவது சீலிங்கில் வட்டமாக வெட்டிப் பதிக்கிற சின்ன விளக்குகள், போட வேண்டும். எந்தக் கம்பனி, எத்தனை, போனில் இயக்குகிற ஸ்மார்ட் வகை எடுக்கலாமா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசி வரியில், தெரிந்த அண்ணை ஒருவர் ரசீது இல்லாமல் ஒரே சனிக்கிழமையில் முடித்துத் தருகிறாராம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்குத்தான் இந்த நீளமான பதில்.

முதலில், விளக்கில்லாத வரவேற்பறை உங்கள் வீட்டின் குறை இல்லை. இங்கே அது வழமை. 1994 பெப்ரவரியில் நான் வந்தபோது ஸ்காபரோவில் நாலு பொடியள் சேர்ந்து ஒரு அப்பார்ட்மென்ற் எடுத்தோம். கதவடியில் சுவிச் இருந்தது. போட்டால் ஒன்றும் எரியவில்லை. அண்ணாந்து பார்த்தால் பல்ப் மாட்ட ஒரு கொக்கிகூட இல்லை. குசினி விளக்கு வீசுகிற வெளிச்சத்திலேயே இரண்டு கிழமை சாப்பிட்டோம், ஊருக்குக் கடிதம் எழுதினோம். பிறகு கட்டடத்தைப் பராமரிக்கிறவர் வந்து, சுவரிலுள்ள பிளக்கின் மேல் பாதியைக் காட்டி, இதில் மேசை விளக்கைச் செருகுங்கள், சுவிச் இதற்குத்தான் என்றார். எங்களில் ஒருவன் ஊரில் வயரிங் வேலை செய்தவன். அன்று அவன் முழித்த முழியை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்போம்.

சரி, உங்கள் அண்ணைக்கு வருவோம். நானும் அப்படி ஒருவரைப் பிடித்தவன்தான். 2016இல், மேல்மாடியில் பன்னிரண்டு விளக்கு. காசாகக் கொடுத்தால் 13 வீத வரி மிச்சம் என்பதுதான் அன்றைய என் புத்தி. ஆள் நல்லவர், கையும் வேகம். பின்னேரத்துக்குள் பன்னிரண்டும் எரிந்தன. தை மாதக் குளிர் பிடித்ததும் படிக்கட்டுக்கு மேலே தேத்தண்ணி நிறத்தில் ஒரு கறை வந்தது. கூரை ஒழுகுகிறது என்று நினைத்துக் கூரை வேலைக்காரரைக் கூப்பிட்டேன். அவர் அற்றிக்குள், அதாவது சீலிங்குக்கும் கூரைக்கும் இடையிலுள்ள வெளிக்குள், தலையை விட்டு டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, என்னையும் ஏறச் சொன்னார். கூரைப் பலகையைத் துளைத்து வந்திருந்த ஒவ்வொரு ஆணி முனையிலும் வெள்ளை மொட்டுப் போல உறைபனி. கூரையில் ஒரு ஓட்டையும் இல்லை. ஓட்டையெல்லாம் கீழே நாங்கள் வெட்டியவை.

இது ஏன் என்று விளங்கிக்கொள்ளுங்கள். இந்த நாட்டில் மேல்மாடிச் சீலிங்குக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் தாள், அதற்கு மேலே கனமான இன்சுலேஷன் பஞ்சு. வீட்டுக்குள் இருக்கும் சூடான ஈரக்காற்று குளிர்ந்த அற்றிக்குள் ஏறாமல் தடுப்பது அந்தத் தாள். விளக்குக்கு வட்டமாக வெட்டும்போது தாளும் சேர்ந்து கிழிகிறது. சுற்றிவர அடைக்காவிட்டால், குளித்த ஆவி, சமைத்த ஆவி எல்லாம் அதால் ஏறி மேலே உறையும். வெயில் பட்டதும் உருகிச் சொட்டும். ஆகவே மேல்மாடிக்கு வாங்கும் விளக்கில் 'ஐசி' என்ற குறி இருக்க வேண்டும். பஞ்சு மேலே மூடிக் கிடந்தாலும் சூடேறி ஆபத்து வராது என்பது அதன் பொருள். கூடவே காற்றுப் புகாத வகையா என்றும் பாருங்கள். கீழ்த்தள வரவேற்பறைக்கு மேலே படுக்கையறைதான் இருக்கிறது என்றால் இந்தக் கவலை பெரிதாக இல்லை.

கறையை விட மோசமானதையும் அவரே டோர்ச் அடித்துக் காட்டினார். இரண்டு வயர்கள் சேரும் இடம், இருக்க வேண்டிய மின்பெட்டிக்கு வெளியே, வெறும் கறுப்பு ரேப் சுற்றி, பஞ்சுக்குள் புதைந்து கிடந்தது. கீழே என் பிள்ளைகள் படுத்திருந்தார்கள். லைசென்ஸ் உள்ள கம்பனி ஒன்றைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கழற்றித் திருப்பிச் செய்வித்தேன். வரியில் மிஞ்சியது எந்த மூலைக்கு?

ஒன்ராறியோவில் வீட்டு மின்வேலைக்குக் கூலிக்கு ஆள் பிடித்தால், அவர் லைசென்ஸ் பெற்ற மின் ஒப்பந்தக்காரராக இருக்க வேண்டும். வேலையைப் பற்றி மின் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவிக்கவும் வேண்டும். ஈஎஸ்ஏ என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அறிவித்ததற்கான கடதாசியைக் கேட்டு வாங்கி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். நாளைக்கு வீட்டை விற்கும்போதோ காப்புறுதிக்காரர் வந்து நிற்கும்போதோ அந்தக் கடதாசி பேசும். உங்கள் அண்ணையிடம் லைசென்ஸ் இலக்கம் கேளுங்கள். எங்கட ஆள் என்னை நம்பவில்லையா என்று முகம் சுருங்கினால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள். நம் சனத்துக்கு இது ஒரு வியாதி. சட்டம் கேட்பதை அவமதிப்பாக எடுப்பார்கள். முறையாகப் படித்து லைசென்ஸ் எடுத்த தமிழர்கள் இங்கே எவ்வளவோ பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு வேலையைக் கொடுங்கள்.

கம்பனிப் பெயரைக் கேட்டீர்கள். அதை விடுங்கள். பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். சிஎஸ்ஏ போல, கனடாவில் ஏற்றுக்கொள்ளும் பாதுகாப்புக் குறி ஒன்று இருக்க வேண்டும். யூஎல் குறி என்றால் வட்டத்துக்கு வெளியே இடப்பக்கம் கீழே சின்னதாக ஒரு 'சி' இருக்கும், கனடாவுக்கானது அதுதான். ஐரோப்பாவின் சிஇ குறி மட்டும் இருந்தால் இங்கே செல்லாது. ஒன்லைனில் மலிவாக வருவதில் பாதிக் கதை அங்கேயே முடிந்துவிடும்.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற சுவிச், அதுதான் டிம்மர், அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சனம் அதிகம் ஏமாறுவது இதில். விளக்குப் பெட்டியில் 'டிம்மபிள்' என்று போட்டிருந்தால் எந்த டிம்மரோடும் ஒத்துப்போகும் என்று அர்த்தம் இல்லை. பழைய டிம்மர்கள் மொத்தம் 600 வாட் வரை இழுக்கும் குண்டு பல்புகளுக்காகச் செய்தவை. நீங்கள் 9 வாட் விளக்கு ஆறு போட்டால் மொத்தமே 54 வாட். அவ்வளவு சின்னச் சுமையில் பழைய டிம்மர் தடுமாறும். விளக்கு துடிக்கும், பாதியில் அணையும், இல்லாவிட்டால் வண்டு புகுந்தது போல் இரையும். என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது அந்த இரைச்சலுக்கே எழும்பி அழுவான், நான் குளிர்சாதனப் பெட்டியைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். விளக்குக் கம்பனியே தங்கள் விளக்கோடு ஒத்துப்போகும் டிம்மர்களின் பட்டியலைக் கொடுக்கும். அதிலிருந்து எடுங்கள். எல்இடிக்கான டிம்மரில் பெரும்பாலும் முகப்பு மூடிக்குள்ளே ஒரு சின்ன நெம்பு இருக்கும். ஆகக் குறைந்த வெளிச்சம் எதுவரை போகலாம் என்பதை அதில்தான் பொருத்துவது. துடிப்பு நிற்கும் இடம்வரை அதைத் தள்ளினால் பாதிப் பிரச்சினை போய்விடும். படிக்கட்டில் மேலும் கீழும் இரண்டு சுவிச் இருந்தால் அதற்கான 'த்ரீ-வே' வகை வேண்டும்.

இன்னொன்று. குண்டு பல்பைக் குறைத்தால் மஞ்சளாகிக்கொண்டு போகும். சாதாரண எல்இடியைக் குறைத்தால் அதே நிறத்தில் மங்கும், அவ்வளவுதான். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் கூடக் கூட வெள்ளை. 5000 கெல்வின் வாங்கிக் குறைத்தால் கிடைப்பது மங்கலான ஆஸ்பத்திரி. எங்கள் ஆட்களின் வீடுகளுக்குப் போனால் வரவேற்பறையில் பதினாறு, இருபது என்று பதித்து, எல்லாம் பளீர் வெள்ளை. சோபாவில் உட்கார்ந்தால் பல்லைக் காட்டு என்று யாரோ சொல்லப்போகிறார்கள் போல் இருக்கும். வெளிச்சம் கூடினால் வசதி கூடினது என்று ஒரு நினைப்பு. 2700 அல்லது 3000 எடுங்கள். குசினிக்கு வேண்டுமானால் 3500. சில விளக்குகளில் நிறத்தை மாற்ற ஒரு சின்னச் சுவிச்சே இருக்கும், பூட்டமுதல் ஒரு இரவு எரித்துப் பார்த்துத் தீர்மானிக்கலாம்.

எத்தனை? 12க்கு 16 அடி அறை என்று எழுதியிருக்கிறீர்கள். 4 அங்குல விளக்கு ஆறு, ஒவ்வொன்றும் 650 லூமென் (வெளிச்சத்தின் அளவு) அளவில், போதும். குசினியில் நீங்கள் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே போடாமல் மேசைத் தட்டின் விளிம்புக்கு மேலே போடுங்கள், இல்லாவிட்டால் வெட்டுகிற காயில் உங்கள் தலை நிழல்தான் விழும். இந்த எல்இடி விளக்குகள் பழுதானால் பெரும்பாலும் பல்ப் மட்டும் மாற்ற முடியாது, விளக்கையே மாற்ற வேண்டும். அதே மாதிரியில் இரண்டு கூடுதலாக வாங்கி வையுங்கள். ஸ்மார்ட் வகை பற்றி எனக்கு ஆர்வம் இல்லை. சுவரில் சுவிச் இருக்கிறது, எனக்குக் கை இருக்கிறது.

மறந்துவிடப் போகிறேன். கதவடியில் உள்ள சுவிச் இப்போது உங்கள் வீட்டிலும் சுவர்ப் பிளக்கைத்தான் இயக்கும். அந்த இடத்தில் டிம்மர் வரும்போது பிளக்கை அதிலிருந்து பிரித்து எப்போதும் மின்சாரம் உள்ளதாக மாற்றச் சொல்லுங்கள். பிரிக்காமல் விட்டு, யாராவது அதில் தூசி உறிஞ்சியைச் செருகிவிட்டால் டிம்மரும் உறிஞ்சியும் கெடலாம். என் வீட்டில் பொட் லைற்றுக்கு வேறு சுவிச் பூட்டுவித்துவிட்டு, பழைய சுவிச்சையும் அந்தப் பாதிப் பிளக்கையும் இருந்தபடியே விட்டேன். ஸ்காபரோவில் வாங்கிய மேசை விளக்கு இன்னும் அதில்தான் எரிகிறது.